வீட்டிலிருந்து விற்கும் பெண்களுக்கு வாட்ஸ்அப் பிசினஸ்: எங்கே கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது

வெள்ளவத்தையில் அரியதரமும் பயத்தம் பணியாரமும் செய்து விற்பவர், கொட்டாஞ்சேனையில் பிளவுஸ் தைப்பவர், தெஹிவளையில் பிறந்தநாள் கேக் செய்பவர் என்று கொழும்பில் வீட்டையே கடையாக்கிக்கொண்ட பெண்கள் பலருக்கு ஓடர் வந்து சேரும் இடம் வாட்ஸ்அப்தான். படத்தை பேஸ்புக்கில் பார்த்திருக்கலாம், ரீலை இன்ஸ்டகிராமில் பார்த்திருக்கலாம். கடைசியில் "வாட்ஸ்அப் நம்பரைத் தாங்கோ அக்கா" என்றுதான் பேச்சு முடியும். அந்த நம்பருக்குப் பின்னால் சாதாரண வாட்ஸ்அப் இருப்பதா, 2018 ஜனவரியில் சிறு வியாபாரங்களுக்கென்றே தனியாக வந்த வாட்ஸ்அப் பிசினஸ் இருப்பதா என்பதில் வேலைப்பளு நிறையவே மாறுகிறது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்தச் செயலி புதிய வாடிக்கையாளர் ஒருவரைக்கூடத் தேடிக் கொண்டுவராது. வந்தவரைத் தவறவிடாமல் வைத்திருக்கும் வேலையை மிக நன்றாகச் செய்யும், அதுவும் இலவசமாக. இரண்டையும் ஒன்றென்று நினைத்து, செயலியைப் போட்டுவிட்டு ஓடர் வருமென்று காத்திருப்பவர்கள்தான் ஒரு மாதத்தில் சலித்துப்போகிறார்கள்.

தொடங்குமுன் நம்பரைத் தீர்மானிக்க வேண்டும். சாதாரண வாட்ஸ்அப்பும் பிசினஸும் ஒரே நம்பரில் ஒரே நேரத்தில் இயங்காது. வீட்டு நம்பரையே பிசினஸுக்கு மாற்றினால் பழைய உரையாடல்கள் கூடவே வந்துவிடும். ஆனால் மச்சாளின் குரல்செய்தியும் வாடிக்கையாளரின் ஓடரும் ஒரே வரிசையில் நிற்கும், ஓடர் கீழே போய்விடும். இரண்டு சிம் போடக்கூடிய போனில் ஒரு சிம்மை வியாபாரத்துக்கென்று ஒதுக்கி, இரண்டு செயலிகளையும் அருகருகே வைத்திருப்பதே நல்லது. வீட்டுத் தொலைபேசி இருந்தால் அந்த நம்பரையும் பதியலாம். குறுஞ்செய்திக்குப் பதிலாக அழைப்பு எடுத்து இரகசிய இலக்கத்தைச் சொல்வார்கள்.

அந்த சிம் கணவரின் பெயரிலோ தம்பியின் பெயரிலோ இருக்கக்கூடாது. வியாபாரம் செய்யும் பெண்ணின் சொந்த தேசிய அடையாள அட்டையிலேயே பதிவாகியிருக்க வேண்டும். போன் தொலைந்தால் அதே நம்பருக்கு மாற்று சிம் எடுக்க, பதிவில் பெயர் உள்ளவர்தான் போக வேண்டும். இதைவிட மறைவான ஆபத்தும் உண்டு. வீட்டு வைஃபையில் வாட்ஸ்அப் ஓடிக்கொண்டேயிருப்பதால் அந்த சிம்முக்கு ரீலோட் போடவே மறந்துவிடும். நீண்ட காலம் பாவிக்காத முற்கொடுப்பனவு சிம் துண்டிக்கப்படும், பிறகு அந்த நம்பர் வேறொருவருக்குப் போகலாம். சிம் செத்துப்போனது வாட்ஸ்அப்பில் தெரியாது. புதிதாக வாங்கியவர் தன் போனில் அதே நம்பரைப் பதியும்போது உங்கள் கணக்கு வெளியே தள்ளப்படும். நோட்டீஸ், பெட்டி, ஸ்டிக்கர் எல்லாவற்றிலும் அச்சடித்த நம்பர் அது. மாதத்தில் ஒரு குறித்த நாளில் சிறு தொகையாவது ரீலோட் செய்து, ஒரு அழைப்பும் எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

சுயவிவரத்தில் கடைப் பெயர், வகை, வேலை நேரம், முகவரி ஆகியவற்றைக் கேட்கும். பெண்கள் தனியாக இருக்கும் வீடென்றால் முழு முகவரியைப் போடவே வேண்டாம். "வெள்ளவத்தை, கொழும்பு 06" என்ற அளவு போதும். நேரில் வந்து எடுப்பவருக்கு, பணம் வந்த பிறகு வீட்டு இலக்கத்தை அனுப்பலாம்.

இந்தச் செயலியின் உயிர் கற்றலொக் எனப்படும் பொருட்பட்டியலில் இருக்கிறது. 500 பொருட்கள் வரை போடலாம், ஒவ்வொன்றுக்கும் 10 படங்கள் வரை சேர்க்கலாம். பெயர், விலை, விளக்கம், இணைப்பு, பொருட்குறியீடு என்று ஐந்து இடங்கள் உண்டு. அதிகம் வெறுமையாக விடப்படுவது பொருட்குறியீடு, அதிகம் உதவுவதும் அதுதான். அரியதரம் 500 கிராமுக்கு "அ-500", மிளகாய்த்தூள் ஒரு கிலோவுக்கு "மி-1" என்று வைத்துவிட்டால், வாடிக்கையாளர் தமிழில் எழுதினாலும் சிங்களத்தில் எழுதினாலும் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினாலும் எந்தப் பொருள் என்பதில் குழப்பம் வராது. கொழும்பில் ஒரே நாளில் மூன்று மொழியிலும் ஓடர் வரும்.

விலையை எழுதாமல் "விலைக்கு இன்பொக்ஸ்" என்று விடும் பழக்கத்தை இங்கேயும் கொண்டுவர வேண்டாம். விலை கேட்டு வருபவர்களில் பலர் பதில் கிடைத்ததும் மறைந்துவிடுவார்கள். அவர்களுக்குப் பதில் எழுதியே பின்னேரம் போய்விடும். கேக் போல எடைக்கும் வேலைப்பாட்டுக்கும் ஏற்ப விலை மாறும் பொருளென்றால், "பட்டர் ஐசிங், 1 கிலோ" என்ற அடிப்படை விலையைப் போட்டு, மேலதிக வேலைப்பாட்டுக்கு எவ்வளவு கூடும், எத்தனை நாள் முன்பு ஓடர் தர வேண்டும் என்று விளக்கத்தில் எழுதிவிடலாம். உணவுப் பொருளென்றால் நிறை, சேர்ந்திருப்பவை, எத்தனை நாள் வைக்கலாம் என்ற மூன்றும் கட்டாயம். நிலக்கடலை, முந்திரி, பால், முட்டை சேர்ந்திருந்தால் அதை முதல் வரியிலேயே சொல்ல வேண்டும்.

படத்துக்கு விலையுயர்ந்த கமரா வேண்டாம். யன்னலோரம், காலை வெளிச்சம், சதுர வடிவம், வெறுமையான பின்னணி போதும். முதல் படத்தில் பொருள் மட்டும் இருக்கட்டும், இரண்டாவதில் கைக்குப் பக்கத்தில் வைத்து அளவு தெரியும்படி எடுக்கலாம், மூன்றாவதில் பொதி எப்படிப் போய்ச் சேரும் என்று காட்டலாம். தையல்காரர்கள் பிளவுஸின் முதுகுப் பக்கத்தையும் ஆரி வேலையைக் கிட்ட நெருங்கி எடுத்ததையும் சேர்க்க வேண்டும். மற்றவர் வேலையை இணையத்திலிருந்து எடுத்துப் போடுவது இந்தத் தொழிலையே கெடுக்கிறது. படத்தில் கண்டதும் கையில் கிடைத்ததும் வேறாக இருந்தால் அந்த வாடிக்கையாளர் மட்டுமல்ல, அவர் இருக்கும் குழுக்களும் போய்விடும்.

சில பொருட்கள் பட்டியலில் ஏறாமல் நிராகரிக்கப்படும். ஒவ்வொரு பொருளும் வாட்ஸ்அப் நிறுவனத்தின் வணிகக் கொள்கையோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்ட பிறகே வாடிக்கையாளருக்குத் தெரியும். மருந்து, புகையிலை, மது, உயிருள்ள விலங்குகள் ஆகியவற்றுக்கு அனுமதியில்லை. வீட்டில் காய்ச்சும் தலைக்கு வைக்கும் எண்ணெய்க்கு "முடி உதிர்வு நோய் குணமாகும்" என்று எழுதினால் மருந்தென்று கருதப்பட்டு மறுக்கப்பட வாய்ப்பு அதிகம். நோய், குணம், சிகிச்சை என்ற சொற்களை எடுத்துவிட்டு, என்ன சேர்ந்திருக்கிறது, எத்தனை மில்லிலீற்றர் என்று எழுதி மறுபடி அனுப்பினால் பெரும்பாலும் ஏறிவிடும். அப்படி எழுதுவதுதான் நேர்மையும்கூட.

பட்டியலில் இல்லாதது இருப்புக் கணக்கு. வாடிக்கையாளர் வேண்டியதைக் கூடையில் சேர்த்து ஒரே செய்தியாக அனுப்பலாம். ஆனால் உங்களிடம் எத்தனை மிஞ்சியிருக்கிறது என்று செயலிக்குத் தெரியாது. தீபாவளிக்கு முதல் வாரம் நாற்பது பெட்டிதான் செய்ய முடியும் என்றிருக்க அறுபது பெட்டிக்கு ஓடர் ஏறுவது இப்படித்தான். முடிந்த பொருளை அழிக்காமல் மறைத்து வைக்கும் தெரிவு உண்டு. மறைத்தால் படமும் விளக்கமும் அப்படியே இருக்கும், அடுத்த தடவை ஒரு தட்டலில் திரும்பி வரும். பண்டிகைக் காலத்தில் இதை மாலைதோறும் செய்ய வேண்டும்.

விரைவுப் பதில்கள் 50 வரை சேமிக்கலாம். சாய்வுக்கோட்டை (/) தட்டி நீங்கள் வைத்த சுருக்கச் சொல்லை எழுதினால் முழுப் பதிலும் வந்து நிற்கும். ஓடர் தரும் முறை, வங்கி விவரம், டெலிவரிக் கட்டணம், மாற்றிக்கொடுக்கும் விதி, தாமதத்துக்கான அறிவிப்பு ஆகிய ஐந்தையும் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிவைத்தால் பதினைந்து. சிங்களப் பதிலை இயந்திர மொழிபெயர்ப்பில் விடாமல் தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை வாசிக்கக் கொடுங்கள். வங்கி விவரப் பதிலைச் சேமிக்கும்போது கணக்கு இலக்கத்தைப் பாஸ்புத்தகத்தோடு இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கையால் எழுதும்போது வரும் பிழை ஒருவரோடு போகும்; இங்கே வரும் பிழை எல்லோருக்கும் போகும்.

வரவேற்புச் செய்தி, முதன்முறை எழுதுபவருக்கும் 14 நாட்கள் பேச்சில்லாமல் இருந்து திரும்ப எழுதுபவருக்கும் தானாகப் போகும். அதில் வாழ்த்தும் நன்றியும் நீண்டு, ஓடருக்கு என்ன வேண்டும் என்பது வராமல் போவதே வழமையான குறை. இப்படி எழுதினால் போதும்: "வணக்கம். பொருளின் கோட், எத்தனை, எந்த நாளுக்கு, எந்த இடத்துக்கு என்று அனுப்புங்கள். காலை 9 முதல் மாலை 6 வரை பதில் தருவோம்." நான்கு கேள்விகளுக்கும் பதில் முதல் செய்தியிலேயே வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

உரையாடல்களை வகைப்படுத்த அவற்றில் ஒட்டும் குறிகளான லேபல்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் செயலியை நன்றாகப் பாவிப்பவர் யார் என்பது இதில்தான் தெரியும். புதிய வாடிக்கையாளர், புதிய ஓடர், பணம் வரவேண்டும், பணம் வந்தது, ஓடர் முடிந்தது என்ற பொருளில் ஐந்து லேபல்கள் தொடக்கத்திலேயே இருக்கும். மொத்தம் 20 வரை வைத்துக்கொள்ளலாம். தைப்பவர்கள் "அளவு வரவேண்டும்", "வெட்டியாயிற்று", "கைவேலையில்" என்று சேர்க்கலாம். பொதி அனுப்புபவர்கள் "கூரியரில்", "திரும்பி வந்தது" என்ற இரண்டையும் கட்டாயம் சேர்க்க வேண்டும். லேபல் தானாக மாறாது. பணம் வந்ததும் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும். எடுக்க மறந்தால் ஒரே உரையாடலில் "பணம் வரவேண்டும்", "பணம் வந்தது" இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும், இரண்டாம் வாரத்திலிருந்து எதையும் நம்ப முடியாது. ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு ஓடர் ஓடிக்கொண்டிருந்தால் முழு உரையாடலுக்கு லேபல் போடாமல், அந்தந்த ஓடர்ச் செய்தியை அழுத்திப் பிடித்து அதற்கே தனி லேபல் போடலாம்.

இவ்வளவு இருந்தும் கொப்பியை விட்டுவிட முடியாது. ஓடர் இலக்கம், பெயர், தொகை, முற்பணம், கொடுக்க வேண்டிய நாள் ஆகிய ஐந்து நிரல்களோடு ஒரு கொப்பியோ எக்ஸல் தாளோ வேண்டும். மாத முடிவில் எவ்வளவு விற்றது, எவ்வளவு மிஞ்சியது என்று செயலி சொல்லாது.

பணம் வாங்கும் வசதி இலங்கையில் இந்தச் செயலிக்குள் இல்லை. எல்லாம் வங்கிப் பரிமாற்றம், போனால் ஸ்கேன் செய்து பணம் செலுத்தும் லங்கா கியூஆர், அல்லது பொருள் கைக்கு வந்ததும் காசு என்ற மூன்று வழிகளில் போகிறது. இதில் மோசடிக்கு வாசல் திறப்பது ஸ்லிப்பின், அதாவது பணம் போட்ட பற்றுச்சீட்டின், ஸ்கிரீன்ஷொட். பழைய ஸ்லிப்பில் தேதியையும் தொகையையும் திருத்தி அனுப்புவது கடினமான வேலையல்ல. நாளைக்கென்று நேரம் குறித்து வைத்த பரிமாற்றத்தைப் படம் பிடித்து அனுப்பிவிட்டு, பிறகு இரத்துச் செய்துவிடவும் முடியும். அவசரக்காரர்தான் இதைச் செய்வார்: "ரைடர் கீழே நிற்கிறார், குடுத்துவிடுங்கோ". உங்கள் வங்கிச் செயலியில் மீதி ஏறியதைப் பார்த்த பிறகே பொதி வெளியே போக வேண்டும். வங்கிகளுக்கிடையில் உடனடியாகப் பணம் அனுப்பும் செஃப்ட் (CEFT) முறையில் அனுப்பிய பணம் வங்கி மாறினாலும் சில நிமிடங்களில் வந்துவிடும். வங்கிகளுக்கிடையிலான இன்னொரு வழியான ஸ்லிப்ஸ் (SLIPS) முறையில் அனுப்பினால் அடுத்த வேலைநாள் வரைகூட ஆகலாம், அது மோசடியல்ல. வங்கி விவரப் பதிலிலேயே "செஃப்ட் முறையில் அனுப்புங்கள், குறிப்பில் ஓடர் இலக்கத்தை எழுதுங்கள்" என்று சேர்த்துவிட்டால் ஒரே தொகையில் மூன்று பேர் போட்டாலும் யாருடையது என்று தெரியும்.

பொருள் கைக்கு வந்ததும் காசு என்பது வெளியூர் வாடிக்கையாளருக்கு நம்பிக்கை தருகிறது, ஆனால் திரும்பி வரும் பொதியின் செலவு விற்பவர் தலையில்தான் விழும். ஓர் உதாரணத்துக்கு, கூரியர்க் கட்டணம் 400 ரூபா, 10 பொதியில் 2 திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போன செலவு மட்டும் 800 ரூபா. விற்ற 8 பொதியில் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 100 ரூபா குறைகிறது. திரும்பும் பொதிக்கும் கட்டணம் எடுக்கும் சேவையென்றால் அது இரட்டிப்பாகும். கூரியர்க் கட்டணத்தை மட்டும் முன்கூட்டியே வாங்கிவிட்டு, பொருளுக்கான காசைக் கையில் பெறுவது இரு பக்கத்துக்கும் நியாயமான நடுவழி. அளவெடுத்துத் தைத்ததற்கும் பெயர் எழுதிய கேக்குக்கும் அதுவும் போதாது, பாதிப் பணம் முன்பே வேண்டும்.

இனி, ஆட்களைக் கொண்டுவருவது. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் புரோட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்தவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். இது தெரியாமல், இருநூறு பேருக்கு அனுப்பியும் யாரும் பதில் தரவில்லை என்று மனமுடைபவர்கள் உண்டு. ஸ்டேட்டஸும் அப்படித்தான், இரு பக்கமும் நம்பரைச் சேமித்திருந்தால்தான் தெரியும்; 24 மணி நேரத்தில் போய்விடும். அதனால் முதல் விற்பனை முடிந்ததும் "எங்கள் நம்பரைச் சேமித்துக்கொள்ளுங்கள், வெள்ளிக்கிழமைதோறும் புதுப் பட்டியல் ஸ்டேட்டஸில் வரும்" என்று ஒரு வரி அனுப்புவது, விளம்பரத்துக்குச் செலவழிப்பதைவிடப் பலன் தரும்.

கேட்காமலே ஆட்களைக் குழுவில் சேர்ப்பது பெரிய தவறு. குழுவில் ஒவ்வொருவர் நம்பரும் மற்ற எல்லோருக்கும் தெரியும். பெண் வாடிக்கையாளர்கள் அதிகமுள்ள வியாபாரத்தில் முன்பின் தெரியாத அழைப்புகள் தொடங்குவது இங்கிருந்துதான். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென்றே 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கும் நாடு இது. எரிச்சலடைந்த பலர் ஒரே நேரத்தில் முறைப்பாடு செய்தால் கணக்கே தடைசெய்யப்படலாம். 2023இல் அறிமுகமான சனல் வசதியில் பின்தொடர்பவர்களின் நம்பர் மற்றவர்களுக்குத் தெரியாது. அறிவிப்புக்கு அதுவே பாதுகாப்பானது.

உண்மையில் ஆள் சேர்வது செயலிக்கு வெளியே நடக்கிறது. பாடசாலைத் தாய்மார் குழு, கோயில் திருவிழா, தேவாலயத்து விற்பனை, பேஸ்புக்கில் பெண்களுக்கென்றே உள்ள விற்பனைக் குழுக்கள், சனிக்கிழமைச் சந்தை, மாநாட்டு மண்டபங்களில் நடக்கும் கண்காட்சிகள். ஒரு மேசை எடுத்தால், செயலி தரும் கியூஆர் குறியீட்டை ஏ5 அளவில் அச்சடித்து மேசையில் நிறுத்துங்கள். ஸ்கேன் செய்தவுடன் உரையாடல் திறக்கும், அதற்குள் "சந்தையில் பார்த்தேன்" என்ற முன்னெழுத்துச் செய்தியையும் வைக்கலாம். யார் எங்கிருந்து வந்தார் என்பது அதிலேயே தெரிந்துவிடும். அவருக்கு ஒரு லேபலைப் போட்டால் எந்த மேசை வாடகைக்குப் பெறுமதியானது என்று அடுத்த வருடம் தீர்மானிக்கலாம்.

இன்னும் பலமானது தொழில் பொருந்தும் பெண்களுக்கிடையிலான கைகோர்ப்பு. கேக் செய்பவர், பலூன் அலங்காரம் செய்பவர், மெஹந்தி போடுபவர், பிளவுஸ் தைப்பவர் ஆகிய நால்வரும் ஒரே வீட்டுச் சாமத்தியச் சடங்குக்குத் தேவைப்படுவார்கள். ஒருவரிடம் வந்த வாடிக்கையாளருக்கு மற்றவரின் தொடர்பு அட்டையை அனுப்பினால் பட்டியலோடு சேர்ந்தே போகும். இதில் கசப்பு வருவது தரகுப் பணத்தாலும் தாமதத்தாலும். அனுப்பியதற்குத் தொகை உண்டா இல்லையா, ஒருவர் தாமதித்தால் யார் பதில் சொல்வது என்பதை முதலிலேயே எழுத்தில் பேசிக்கொள்ள வேண்டும், அக்கா தங்கச்சி என்று பழகியவர்களாக இருந்தாலும்.

பேஸ்புக் விளம்பரத்தை நேரே வாட்ஸ்அப்புக்குத் திருப்பலாம். விலையும் டெலிவரி இடமும் படத்திலேயே இல்லாவிட்டால் "எவ்வளவு?" என்ற கேள்விகள்தான் வந்து குவியும். ஆகவே பட்டியலும் விரைவுப் பதில்களும் தயாரான பிறகே விளம்பரத்துக்குக் காசு போட வேண்டும்.

டெலிவரியில் கொழும்புக்கே உரிய சிக்கல் அடுக்குமாடி. வெள்ளவத்தை ஒழுங்கைகளில் ஒரே இலக்கத்தில் நாற்பது வீடுகள் இருக்கும். கட்டடப் பெயர், மாடி, வீட்டு இலக்கம், வாசலில் வந்து எடுப்பாரா என்ற நான்கையும் வரைபடக் குறியோடு சேர்த்து வாங்கினால் ரைடர் காத்திருக்கமாட்டார், ஐசிங்கும் உருகாது.

வியாபாரம் நிலைத்தால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துவிடுவது நல்லது. கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோடு தொடங்கலாம். பதிவிருந்தால் கடைப் பெயரிலேயே வங்கிக் கணக்கு திறக்கலாம். வாட்ஸ்அப்பில் காணும் பெயரும் பணம் போடும் கணக்கின் பெயரும் ஒன்றாக இருப்பதைப் பார்த்தே பலர் தயக்கமின்றிப் பணம் போடுகிறார்கள். உணவு விற்பவர்கள் தங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் முன்பே கண்டு பேசிவிட வேண்டும்.

பாதுகாப்பில் இரண்டு விடயம் தவிர்க்க முடியாதவை. முதலாவது, இருபடிச் சரிபார்ப்பை இயக்கி 6 இலக்கக் கடவு எண் (PIN) வைக்க வேண்டும். "தவறுதலாக உங்கள் போனுக்கு ஒரு கோட் வந்துவிட்டது, அனுப்புங்கோ" என்று தெரிந்த ஒருவரின் நம்பரிலிருந்தே செய்தி வரும், அவருடைய கணக்கு ஏற்கெனவே பறிபோயிருக்கும். அனுப்பினால் உங்களுடையதும் போகும், பிறகு உங்கள் வாடிக்கையாளர்களிடம் உங்கள் பெயரில் கடன் கேட்பார்கள். வாட்ஸ்அப் அனுப்பும் பதிவுக் கோட்டை யாருக்கும் கொடுக்கக்கூடாது, தாய்க்கும்கூட.

இரண்டாவது, உதவிக்கு ஆள் வைக்கும்போது. ஒரு கணக்கோடு நான்கு சாதனங்கள் வரை இணைக்கலாம், அதனால் ஒருவர் ஓடர் எடுக்க, இன்னொருவர் பொதி அனுப்பலாம். ஆனால் இணைத்தவருக்கு எல்லா உரையாடலும் தெரியும், வாடிக்கையாளரின் உடலளவும் முகவரியும் உட்பட. முதன்மைப் போன் 14 நாட்கள் பாவிக்கப்படாவிட்டால் இணைத்த சாதனங்கள் தாமாக வெளியேறும், அதை நம்பி இருந்துவிடக்கூடாது. உதவியாளர் வேலையை விடும் அன்றே "இணைத்த சாதனங்கள்" பகுதிக்குப் போய் அவருடைய போனை நீக்கி, கடவு எண்ணையும் மாற்றிவிடுங்கள்.